தொடையா, மடியா?

நண்பர்களுக்கு வணக்கம். ஒரு நாடகத்துக்கான கான்செப்ட் இயக்குநருக்குள் எப்படி உருவாகிறது என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். பொதுவாகப் பேசினால் உங்களுக்குத் தூக்கம் வரும், எனக்கும்தான். அதனால் ஒரே ஒரு நாடகத்தை எடுத்துக்கொள்கிறேன். பழைய வடமொழி நாடகாசிரியர் பாசனின் 'ஊருபங்கம்'. வடமொழியில் ஊரு என்றால் தொடை, பங்கம் என்றால் முறிவு. ஒரே அங்கம். மகாபாரதப் போரில் பீமன் துரியோதனனின் தொடையை முறிக்கும் கதை, உங்களுக்குத் தெரிந்ததுதான்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், பத்மநாபபுரத்துக்குப் பக்கத்து மணலிக்கரை மடத்தில் கிடைத்த ஓலைக்கட்டில் இதுவும் இருந்தது. வடமொழி அறிஞர் கணபதி சாஸ்திரி 1912 முதல் திருவனந்தபுரத்தில் இந்த நாடக வரிசையைப் பதிப்பித்தார். மொத்தம் 13 நாடகங்கள். சுவடிகளில் ஆசிரியர் பெயர் இல்லை. எழுதியது பாசன்தானா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. அதைப் பண்டிதர்களிடம் விட்டுவிடுவோம்.

இதை முதல்முறை மேடையேற்றியபோது நான் செய்த தப்பைச் சொல்கிறேன். கதாயுதச் சண்டைக்காகவே ஒரு மாதம் ஒத்திகை. இரண்டு பம்பை, சிவப்பு விளக்கு. கைதட்டலை அள்ளியது. அப்புறம் நாடகம் படுத்துவிட்டது. பிரதியைத் திரும்ப எடுத்துப் படித்தபோதுதான் உறைத்தது. பாசன் அந்தச் சண்டையை மேடைக்கே கொண்டுவரவில்லை. மூன்று வீரர்கள் வந்து, கண்டதைச் சொல்கிறார்கள், அவ்வளவுதான். துரியோதனன் மேடைக்கு வரும்போதே தொடை முறிந்து, தரையில் உடம்பை இழுத்துக்கொண்டுதான் வருகிறான். பாசன் ஒதுக்கிவைத்ததை நான் நடுமேடைக்கு இழுத்து வந்திருந்தேன்.

சரி, அவன் நடுவில் வைத்தது எதை? துர்ஜயன் என்றொரு சின்னப் பையன், துரியோதனன் மகன். களத்தில் தாத்தா பாட்டியோடு அப்பாவைத் தேடி வருகிறான். களைத்துப்போயிருக்கிறான். வழக்கம்போல அப்பா மடியில் உட்காரப் போகிறான். அப்பா தடுக்கிறான். பழகிய இடத்தை விட்டுவிடு, வேறு எங்கேயாவது உட்கார், இன்று முதல் இது உன் ஆசனம் இல்லை என்கிறான்.

நம் மொழியில் ஒரு வசதி இருக்கிறது. அடி விழுந்தால் அது தொடை, பிள்ளை உட்கார்ந்தால் அதுவே மடி. வடமாவட்டங்களில் திரௌபதி அம்மன் கோயில் படுகளம் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். மண்ணால் செய்த பிரம்மாண்டமான துரியோதனன் மல்லாந்து கிடப்பான். பீம வேஷக்காரர் ஓங்கி அடிப்பார். திரௌபதி கூந்தலை முடிவாள். சபையில் அவளுக்குத் திறந்து காட்டிய தொடைக்கு அங்கே கணக்குத் தீர்கிறது. பாசன் அதே இடத்தில் ஒரு குழந்தையைக் கொண்டுவந்து நிறுத்துகிறான். எனக்குக் கான்செப்ட் என்று கிடைத்தது இந்த 'மடி' என்ற ஒரு சொல்தான்.

அது கிடைத்ததும் பாதி வேலை குறைந்துவிட்டது. செட் வேண்டாம். துரியோதனன் கடைசிவரை தரையை விட்டு எழக் கூடாது. மற்றவர்கள்தான் குனிய வேண்டும். பெற்றோரைக் கண்டதும் எழுந்து வணங்கப் பார்க்கிறான், விழுகிறான். இது எனக்கு இரண்டாவது அடி என்கிறான். அந்த இடத்தில் பம்பையை நிறுத்திவிட்டேன். உள்ளங்கை தரையில் படும் சத்தம் மட்டும் கேட்டால் போதும்.

பழைய அரங்கமே இதற்குத் தோதானது. பரதர் எழுதியதாகச் சொல்லப்படும் பழைய நாடக இலக்கண நூலான நாட்டிய சாஸ்திரம் சொல்லும் நடுத்தர நீள்சதுர அரங்கம் 64 முழ நீளம், 32 முழ அகலம், பார்வையாளர் இடத்தையும் சேர்த்து. அதைவிடப் பெரிதானால் முகபாவம் தெரியாது என்று பரதரே எச்சரிக்கிறார். நடிகர் மேடையை ஒரு சுற்று சுற்றி நடந்தால் கதையில் ஊர் மாறிவிடும். அரண்மனைக்குத் தட்டியும் சீலையும் தேவையில்லை.

இதே நாடகத்தில் கேரள இயக்குநர் காவாலம் நாராயண பணிக்கர், வட கேரளத்துச் சடங்காட்டமான தெய்யத்தைக் கொண்டுவந்தார். மணிப்பூர் இயக்குநர் ரத்தன் தியாம் மணிப்புரி உடலசைவில் செய்தார். அவர்களுக்கு உறுத்தியது வேறு, அதனால் மேடையும் வேறு.

இரண்டாம் முறை ஒத்திகையில், துர்ஜயனாக நடித்த பையன் என்னிடம் கேட்டான்: "சார், அப்பா மடி வேண்டாம்னா நான் எங்க உட்கார்றது?"

பதில் சொல்லத் தெரியாமல் அவனை நிற்க வைத்தேன். கடைசியில் அசுவத்தாமன் வந்து அவனுக்கு முடிசூட்டும்போதும் அவன் நின்றுகொண்டுதான் இருந்தான்.