செடி பார்ப்பது சூரியனை, பண்டிகை பார்ப்பது நிலவை

(ஊர் நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆனி மாதம் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம். பண்டிகைப் பூக்களைப் பற்றிப் பேசுங்கள் என்று சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது செண்டுமல்லி. தெற்கே இதையே கேந்தி என்பார்கள். ஆயுத பூஜையன்று உங்கள் வீட்டு வாசலிலும் லாரியின் முகப்பிலும் தையல் இயந்திரத்தின் கழுத்திலும் தொங்குகிறதே, அதுதான்.

இத்தனை உரிமையோடு தொங்கினாலும் அது நம் ஊர்ப் பூ இல்லை. சொந்த ஊர் மெக்சிகோ. போர்ச்சுகீசியர் வழியாக வந்தது என்கிறார்கள். சங்கப் பாட்டில் தேடினால் கிடைக்காது. மெக்சிகோவில் நவம்பர் முதல் இரண்டு நாட்கள் இறந்தவர்களை வீட்டுக்கு அழைக்கும் திருநாள். மயானத்திலும் வீட்டுப் படையலிலும் இதே பூவைக் குவிக்கிறார்கள். அந்த நாட்டுப் பழங்குடிகளின் 'நாவாட்டில்' என்ற பழைய மொழியில் அதற்கு 'இருபது பூ' என்று பொருள்படும் பெயர். காரணப் பெயர்தான். நாம் ஒரு பூ என்று கிள்ளுவது உண்மையில் ஒரு காம்பில் நெருங்கி உட்கார்ந்திருக்கும் பல சிறு பூக்களின் கூட்டம்.

சரி, தொழிலுக்கு வருகிறேன். நாற்றங்காலில் 30 நாள். நட்ட பிறகு முதல் பூவுக்கு ஏறத்தாழ 60 நாள். பறிப்பு சூடு பிடிக்க இன்னும் 10 நாள். ஆக மொத்தம் 100 நாள். ரகத்துக்கு ரகம் கொஞ்சம் முன்பின் ஆகும், ஆனால் என் கணக்கு இதுதான். பூஜை நாளிலிருந்து பின்னோக்கி 100 நாள் எண்ணி, அந்தத் தேதியில் விதைப்பேன்.

இதில் என்ன கஷ்டம் என்று கேட்பீர்கள். நான் பட்டதைச் சொல்கிறேன். 2022இல் ஆயுத பூஜை அக்டோபர் 4. ஜூன் கடைசி வாரம் விதைத்தேன், கச்சிதமாக அமைந்தது. மறு ஆண்டும் அதே வாரத்தில் விதைத்தேன். நாள்காட்டியைப் புரட்டிப் பார்க்கவில்லை, அவ்வளவு தெனாவட்டு. 2023இல் இடையில் ஒரு அதிக மாதம் வந்து, ஆயுத பூஜை அக்டோபர் 23க்குப் போய்விட்டது. என் காடு அக்டோபர் முதல் வாரத்திலேயே மஞ்சளாகிவிட்டது. வந்தவர்கள் எல்லாரும் ஆகா என்றார்கள், செல்போனில் படம் எடுத்தார்கள். வாங்கத்தான் ஆள் இல்லை. புரட்டாசியில் முகூர்த்தம் ஏது? பூஜைக்கு வியாபாரி தேடி வந்தபோது செடி கிழடு தட்டி, பூ எலுமிச்சை அளவுக்குச் சிறுத்திருந்தது.

அன்றிரவுதான் இந்தக் கணக்கு புரிந்தது. செடி சூரியனைப் பார்த்து வளர்கிறது. பண்டிகையோ நிலவைப் பார்த்து வருகிறது. நிலவின் ஆண்டு சூரியனின் ஆண்டைவிட ஏறத்தாழ 11 நாள் குறைவு. அதைச் சரிக்கட்டச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு மாதத்தைக் கூட்டுகிறார்கள். அதனால்தான் 2023இல் அக்டோபர் 23, 2024இல் அக்டோபர் 11, 2025இல் அக்டோபர் 1 என்று பூஜை முன்னே முன்னே வந்தது. பூஜை ஐப்பசியில் விழுந்தால் பின்னாலேயே கல்யாணங்கள் வரும், மிஞ்சிய பூ விலைபோகும். புரட்டாசி நடுவில் விழுந்தாலோ பூஜைக்கு மறுநாளே மண்டியில் நம்மை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அதன்பிறகு தீபாவளி வரை செடியைப் பிழைக்க வைப்பதுதான் வேலை.

செவ்வந்தியின் கதை வேறு. இரவு நீண்டால்தான் அது மொட்டு வைக்கும். பகலின் நீளத்தைப் பார்த்துச் சில செடிகள் பூக்கின்றன என்ற உண்மையை 1920இல் கார்னர், அல்லார்டு என்ற இரு அமெரிக்க விஞ்ஞானிகள் புகையிலையையும் சோயாவையும் வைத்துக் கண்டுபிடித்து எழுதினார்கள். இன்று சில தோட்டங்களில் இரவு நடுவில் பல்பு எரிவதைப் பார்க்கலாம். திருவிழா இல்லை, செடியை ஏமாற்றுகிறார்கள். வெளிச்சம் பட்டால் இன்னும் பகல் நீளம்தான் என்று நினைத்து மொட்டைத் தள்ளிப்போடும். செண்டுமல்லி அவ்வளவு கறாரானது இல்லை. அதை ஏமாற்றவும் வேண்டாம், நாளை மட்டும் ஒழுங்காக எண்ணினால் போதும்.

நட்டு ஒரு மாதத்தில் நுனி கிள்ள வேண்டும். கட்டைவிரல் நகத்தை உச்சி மொட்டுக்குக் கீழே வைத்து ஒரு சொடுக்கு. அந்தக் காரநெடி சோப்புப் போட்டாலும் மறுநாள் வரை விரலில் இருக்கும். நான் முதன்முதலில் கிள்ளச் சொன்னபோது களையெடுக்க வந்த பாட்டி ஒருத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பூ வேண்டும் என்கிறாய், மொட்டைக் கிள்ளு என்கிறாய். எதைத் தம்பி நம்புவது?" இரண்டு வாரம் கழித்து அவரே வந்து கிளைகளை எண்ணினார். ஒற்றைக் கொம்பாக நின்ற செடி குடை மாதிரி விரிந்திருந்தது. கிள்ளினால் பூப்பது சில நாள் தள்ளிப்போகும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பறிப்பு வெயில் ஏறுமுன் முடிய வேண்டும். முதல் நாள் தண்ணீர் பாய்ச்சிவிட்டுப் பறித்தால் பூ வாடாமல் தாங்கும். ஆனால் ஈரத்தோடு சாக்கில் திணித்துக் கட்டினால் மண்டிக்குப் போகுமுன் உள்ளே வெந்துவிடும். மழை பெய்து நின்ற காலையில் அந்த ஒரு குற்றத்தை நானும் செய்திருக்கிறேன். மூட்டையைப் பிரித்ததும் ஆவி பறந்தது.

ஓணத்தைச் சொல்லாமல் விட்டால் தென்காசி, குமரிப் பக்கத்து நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். அத்தம் தொடங்கித் திருவோணம் வரை பத்து நாளும் அத்தப்பூக்களம் போடுகிறார்கள். நம் பூஜையைப் போல ஒரே நாளில் முடிகிற வியாபாரம் இல்லை. அங்கே மாலை கட்டுவதில்லை, இதழாக உதிர்த்து வட்டம் நிரப்புகிறார்கள். அதனால் பூவின் அளவைவிட நிறம் முக்கியம். செண்டுமல்லியின் மஞ்சளும் ஆரஞ்சும், ஊதாவுக்கு வாடாமல்லி. இப்போது குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் கேரளத்திலேயே பயிரிடத் தொடங்கிவிட்டன. நமக்குக் கொஞ்சம் இடிதான், ஆனால் அவர்கள் வாசலுக்கு அவர்கள் வளர்ப்பதை எப்படிக் குறை சொல்வது?

என் யோசனை இதுதான். ஒரு ஏக்கர் இருந்தால் ஒரே நாளில் விதைக்காதீர்கள். மூன்றாகப் பிரித்துப் பத்து நாள் இடைவெளி விடுங்கள். நடுப்பங்கு பூஜையைப் பிடிக்கட்டும். தக்காளி போடுகிறவர்கள் வரப்போரம் ஒரு வரிசை நடுங்கள். காய்ப்புழுவின் தாய்ப்பூச்சி தக்காளியைவிடச் செண்டுமல்லியை அதிகம் நாடி முட்டையிடும்.

கூட்டம் தொடங்குமுன் ஒரு பாப்பா என்னிடம் கேட்டாள், மொட்டைமாடியில் வளர்க்க விதை எங்கே வாங்குவது என்று. கடைக்குப் போகாதே கண்ணு. போன பூஜையில் கட்டிய மாலை உங்கள் வீட்டு நிலைப்படியில் காய்ந்து தொங்குகிறதா என்று பார். ஒரு பூவை எடுத்து உள்ளங்கையில் கசக்கு. கறுப்பு ஊசி போல, நுனியில் வெளிறிய வாலோடு விதை வரும். முற்றுமுன் பறித்த பூ என்பதால் பாதிக்கு மேல் முளைக்காது. முளைத்ததும் என்ன நிறத்தில் பூக்கும் என்று நானும் சொல்ல முடியாது. ஒரு பிடி தூவிவிடு. தூவிய தேதியை மறக்காமல் நாள்காட்டியில் குறித்து வை.