வேலிக்கு ஓணான் சாட்சி: தடுப்புக் காவலும் நம் அடிப்படை உரிமைகளும்

(அரசமைப்புச் சட்ட நாள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைமை ஏற்றிருக்கும் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி ஐயா அவர்களே, என்னைப் பற்றிப் பாதி உண்மையும் பாதி அன்புமாக வரவேற்புரை ஆற்றிய வழக்கறிஞர் சங்கச் செயலாளர் அவர்களே, அரங்கைத் தந்ததோடு மைக்கையும் தானே தட்டிப் பார்த்துக் கொடுத்த நூலகர் அம்மா அவர்களே, மூத்த வழக்கறிஞர்களே, பின்னால் நின்றுகொண்டிருக்கும் சட்டக் கல்லூரித் தம்பி தங்கைகளே (முன்வரிசை காலியாகத்தான் இருக்கிறது, வந்து உட்காருங்கள்), அனைவருக்கும் வணக்கம்.

தலைவர் ஐயாவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் ஆரம்பிக்க எனக்கு மனசு வராது. அவர் நாற்காலியில் இருந்த காலத்தில் ஜாமீன் மனு எடுத்தால், எங்களைக் கேட்கமாட்டார். அரசு வக்கீலைப் பார்த்து, "ஏன் கொடுக்கக் கூடாது, சொல்லுங்க" என்பார். இன்றைய பேச்சு முழுக்க அந்த ஒரு கேள்வியைப் பற்றியதுதான்.

அழைப்பிதழில் 'உரிமைகளின் எல்லையைத் தொட்ட ஐந்து வழக்குகள்' என்று போட்டிருக்கிறார்கள். ஏ.கே. கோபாலன், ரொமேஷ் தாப்பர், செண்பகம் துரைராஜன், கேசவானந்த பாரதி, புட்டசாமி. சரி, ஐந்தையும் தொட்டுவிடுகிறேன். முதல் மூன்றிலும் ஒரு விசேஷம் உண்டு. மூன்றிலும் எதிரே நின்றது நம் சென்னை மாநில அரசு. குடியரசு பிறந்து ஓராண்டு, ஒன்றரை ஆண்டுக்குள் உச்ச நீதிமன்றத்தின் முக்கியமான தீர்ப்புகள் பலவற்றுக்கு நாம்தான் காரணம். பெருமைப்படுவதா, வெட்கப்படுவதா என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். தாப்பர் நடத்திய பத்திரிகை மாநிலத்துக்குள் வரக் கூடாது என்று தடை போட்டார்கள்; செல்லாது என்றது நீதிமன்றம். செண்பகம் வழக்கில், கல்லூரி இடங்களைச் சாதி, மத வாரியாகப் பிரித்துக் கொடுத்த வகுப்புவாரி அரசாணை விழுந்தது. இந்தத் தீர்ப்புகளுக்கெல்லாம் பதிலாகத்தான் 1951-ல் முதல் அரசமைப்புத் திருத்தம் வந்தது. அந்தக் கதை பெரிய கதை, பெரியார் இல்லாமல் அதைச் சொல்ல முடியாது, இன்னொரு நாள் சொல்கிறேன்.

கோபாலனுக்கு வருவோம். கம்யூனிஸ்ட் தலைவர். ஏ.கே.ஜி. என்றால் கேரளத்தில் இன்றும் குழந்தைக்குத் தெரியும். 1947 ஆகஸ்ட் 14 இரவு. நாடே விழித்திருக்கிறது. இந்த மனிதர் எங்கே இருக்கிறார்? கண்ணூர் சிறையில், தனிக் கொட்டடியில். அப்போது கண்ணூர் நம் சென்னை மாகாணத்தில் இருந்தது. சுதந்திரத்துக்காகத் தன் இளமை முழுவதையும் கொடுத்தவர், சுதந்திரம் வரும் ராத்திரி கம்பிக்குள்ளே! சிறையின் நாலா பக்கத்திலிருந்தும் "மகாத்மா காந்திக்கு ஜே" என்று குரல் கேட்கிறது. தூக்கம் வரவில்லை. பின்னாளில் அவரே எழுதுகிறார்: சந்தோஷமும் இருந்தது, துக்கமும் இருந்தது. என்னை அடைத்து வைத்திருப்பது இப்போது வெள்ளைக்காரன் இல்லையே, நம்மவர்கள் அல்லவா என்று நினைத்தாராம். விடிந்தது. என்ன செய்தார்? கோபித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்தாரா? இல்லை. தேசியக் கொடியைத் தூக்கிக்கொண்டு சிறை வளாகத்தின் நீளம் முழுக்க நடந்தார். மூன்றாம் பிளாக்கின் கூரையில் கொடி ஏறியது. கைதிகள் எல்லாம் கூடினார்கள். கைதியே கூட்டம் பேசினார். எந்த அரசு தன்னை உள்ளே போட்டதோ, அந்த அரசு பிறந்த நாளை அவர் கொண்டாடினார். (கைதட்டல்)

அதே ஆண்டு டிசம்பரில் மறுபடியும் உள்ளே. 1950 ஜனவரியில் அரசமைப்புச் சட்டம் வருகிறது. பிப்ரவரியில் தடுப்புக் காவல் சட்டம் வருகிறது; இனிமேல் ஏதாவது செய்துவிடுவார் என்று சொல்லி, விசாரணை இல்லாமலே ஒருவரை முன்கூட்டி அடைத்து வைக்கிற சட்டம். மார்ச் 1-ஆம் தேதி சிறையிலேயே அவர் கையில் புதிய ஆணையைக் கொடுக்கிறார்கள். அந்தச் சட்டத்தின் 14-வது பிரிவைக் கேளுங்கள். எந்தக் காரணத்துக்காக உன்னைப் பிடித்தோம் என்று உனக்குச் சொல்வோம், ஆனால் அதை நீ நீதிமன்றத்தில்கூட வெளியிடக் கூடாது! கைது செய்தவரே, கைது சரிதான் என்று சொல்லிக்கொள்வார். நீதிபதி காரணத்தைப் பார்க்க முடியாது. நான் எந்த மேடையில் ஏறினாலும் இந்தப் பழமொழியைச் சொல்வேன், நண்பர்கள் கேலி செய்வார்கள், செய்யட்டும். வேலிக்கு ஓணான் சாட்சி!

கோபாலனுக்காக உச்ச நீதிமன்றத்தில் எம்.கே. நம்பியார் வாதாடினார். 1950 மே 19-ல் ஆறு நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். 14-வது பிரிவு செல்லாது என்பதில் ஆறு பேருக்கும் ஒரே கருத்து. ஆனால் சட்டத்தின் மற்ற பகுதி தப்பியது, கோபாலன் வெளியே வரவில்லை. சட்டமன்றம் ஒரு நடைமுறையை எழுதிவிட்டால் போதும், அது நியாயமானதா என்று நாங்கள் பார்க்க மாட்டோம் என்றது பெரும்பான்மை. நீதிபதி ஃபசல் அலி மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. நம் ஊர்க்காரர் நீதிபதி பதஞ்சலி சாஸ்திரி பெரும்பான்மைப் பக்கம்தான் நின்றார். ஆனாலும் ஜனநாயக அரசமைப்பில் தடுப்புக் காவல் என்று ஒன்று இருப்பதே விபரீதமாகத் தெரிகிறது என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். ஃபசல் அலி சொன்னது சரி என்று நீதிமன்றம் ஏற்க 1970 ஆனது. 1978-ல் மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கில் அது உறுதியானது. நடைமுறை என்று ஒன்று இருந்தால் மட்டும் போதாது, அது நியாயமாகவும் இருக்க வேண்டும் என்றார்கள்.

இடையில் மிசா, நெருக்கடி நிலைக் காலத்தில் விசாரணை இல்லாமல் ஆட்களை அடைத்த சட்டம். மிசா என்று சொன்னதும் இங்கே சில பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். அப்படி அடைக்கப்பட்டவர்கள் நீதிமன்றம் போக முடியுமா என்ற 1976 ஜபல்பூர் வழக்கு விசாரணையில் நீதிபதி எச்.ஆர். கன்னா அரசின் தலைமை வழக்கறிஞரைக் கேட்டார்: ஒரு போலீஸ்காரர் சொந்தப் பகையில் ஒருவரைக் கொன்றுவிட்டால்கூட நீதிமன்றம் வர முடியாதா? நெருக்கடி நிலை இருக்கும்வரை முடியாது என்று பதில் வந்தது. அந்தப் பதிலைக் கேட்ட பிறகும் நான்கு நீதிபதிகள் அரசின் பக்கம் போனார்கள். மறுத்தவர் கன்னா ஒருவர்தான். அடுத்த ஆண்டு தலைமை நீதிபதி பதவி அவரைத் தாண்டிப் போனது. அந்த நால்வரில் ஒருவர் ஒய்.வி. சந்திரசூட். 2017-ல், அந்தரங்கம் அடிப்படை உரிமையா என்ற புட்டசாமி வழக்கில் அந்தத் தீர்ப்பைத் தவறென்று எழுதியவர் அவருடைய மகன்! பார்த்தீர்களா, புட்டசாமியைத் தொட்டுவிட்டேன்.

இதெல்லாம் பழங்கதை என்று நினைக்கிறீர்களா? நம் குண்டர் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். 1982-ஆம் ஆண்டின் 14-வது சட்டம். கலெக்டரோ போலீஸ் கமிஷனரோ ஒரு கையெழுத்துப் போட்டால், விசாரணை இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். இதில் வேடிக்கை என்னவென்றால், குண்டாஸில் போடப்படுகிறவர் பெரும்பாலும் ஏற்கெனவே சிறையில் இருப்பவர். 'இவருக்கு ஜாமீன் கிடைத்துவிட வாய்ப்பு இருக்கிறது, இதே போன்ற வழக்குகளில் கிடைத்திருக்கிறது' என்று ஒரு பத்தி வரும். எந்த வழக்கு, எந்தத் தேதி? சொல்ல மாட்டார்கள். காலாவதியான மருந்துக்குப் புது லேபிள் ஒட்டி விற்றதாகச் சொல்லப்பட்ட ரேகா வழக்கில், 2011-ல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் பிடித்தது. விவரம் இல்லாத இந்த வரியை நம்பி ஒருவரை அடைக்க முடியாது என்று ஆணையை ரத்து செய்தது.

எச்.சி.பி., அதாவது ஆட்கொணர்வு மனு, போட்ட வக்கீல்களுக்குத் தெரியும், ஆணையோடு அதற்கு ஆதாரமான ஆவணங்களைச் சேர்த்து 'புக்லெட்' என்று ஒன்று கொடுப்பார்கள். ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ், அதற்கும் ஒரு ஜெராக்ஸ். சில பக்கம் கறுப்பாக இருக்கும், சில பக்கம் வெள்ளையாக இருக்கும், எழுத்து மட்டும் இருக்காது. தமிழ் மட்டும் தெரிந்தவருக்கு இங்கிலீஷில் ரிமாண்டு ஆணை. 1999-லேயே நம் மாநிலத்துப் பெண் ஒருவரின் வழக்கில், மொழிபெயர்ப்பு கொடுக்காத காரணத்துக்காகவே காவல் ஆணை போனது. இன்றும் அதே குறைக்கு ஆணைகள் ரத்தாகின்றன. அதற்குள் மாதங்கள் ஓடிவிடும். உள்ளே கிடந்தவருக்கு அந்த நாட்களை யார் திருப்பித் தருவார்?

காவலுக்குப் போதிய காரணம் இருக்கிறதா என்று பார்க்க அறிவுரைக் கழகம் இருக்கிறதே என்பீர்கள். அங்கே வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை கிடையாது. 1981-ல் ஏ.கே. ராய் வழக்கில், வக்கீல் அல்லாத நண்பர் ஒருவரைக் கூட்டி வரலாம் என்றார்கள். குண்டாஸில் போடப்பட்டவரின் நண்பர் தைரியமாக அங்கே போய் உட்காருவாரா, அடுத்த ஆணை அவர் பேருக்கு வராதா? அந்தக் கழகத்தை அமைப்பது யார்? ஆணை போடுகிற அதே அரசு. வேலிக்கு ஓணான் சாட்சி. 1978-ன் 44-வது திருத்தம் இதை மாற்றியது. உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படிதான் கழகம் அமைய வேண்டும், கழகத்தின் ஒப்புதல் இல்லாமல் அடைத்து வைக்கும் காலம் மூன்று மாதம் இல்லை, இரண்டு மாதம்தான் என்றது. நாடாளுமன்றம் நிறைவேற்றியது, குடியரசுத் தலைவர் கையெழுத்தும் போட்டார். ஆனால் திருத்தத்தின் அந்த 3-வது பிரிவு நடைமுறைக்கு வரும் தேதியை எந்த ஒன்றிய அரசும் இன்றுவரை அறிவிக்கவில்லை. காங்கிரஸ் வந்தது, ஜனதா வந்தது, பா.ஜ.க. வந்தது, ஒருவரும் அறிவிக்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் எல்லோருக்கும் நல்ல ஒற்றுமை.

தலைவர் ஐயா கடிகாரத்தைப் பார்க்கிறார். அரசமைப்பின் அடிப்படைக் கட்டமைப்பை நாடாளுமன்றமே மாற்ற முடியாது என்ற கேசவானந்த பாரதி வழக்கை 13 நீதிபதிகள் 68 நாள் கேட்டார்கள். எனக்கு இன்னும் ஐந்து நிமிடம் கொடுத்தால்கூட அதை முடிக்க முடியாது, மன்னியுங்கள். வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். மனுவில் கோரிக்கை இரண்டுதான்: 44-வது திருத்தத்தின் 3-வது பிரிவுக்குத் தேதி குறியுங்கள், அறிவுரைக் கழகத்தில் வக்கீலை அனுமதியுங்கள். கையெழுத்துப் போடுகிறவர்கள் பின்கோடு வரைக்கும் முகவரியைத் தெளிவாக எழுதுங்கள். போன முறை பாதிப் பேர் வெறும் இனிஷியல் போட்டுவிட்டுப் போய்விட்டீர்கள். வணக்கம்.