நின்ற ஓலையும் படுத்த ஓலையும்

நாகர்கோவில் வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

எங்கள் வீடு குலசேகரத்துக்குப் பக்கம். விடியுமுன்னே அப்பா தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போய்விடுவார். ஆசிட் கலந்து டிஷ்ஷில் உறையவைத்ததை எடுத்து மெஷினில் கொடுத்து ஷீட் அடிப்பது, பள்ளிக்கூடம் போகுமுன் என் வேலை. அந்த ரப்பரும் ஒரு பாலிமர்தான், அதாவது சின்னச் சின்ன மூலக்கூறுகள் கைகோத்து நீண்ட சங்கிலியானது. மின்சாரத்தை விடாது. கம்பத்தில் ஏறுகிறவர் ரப்பர் கையுறை போடுவது அதனால்தான். பிற்காலத்தில் ஆய்வுக்கூடத்தில், "இது மின்சாரம் விடுகிற பாலிமர்" என்று ஆசிரியர் ஒரு சிட்டிகை கறுப்புத் தூளைக் காட்டியபோது எனக்கு லேசில் நம்பிக்கை வரவில்லை.

வித்தியாசம் கார்பன் கைகோக்கும் விதத்தில் இருக்கிறது. ரப்பர் சங்கிலியில் இரட்டைப் பிணைப்புகள் ஒன்றுக்கொன்று எட்டி நிற்கும். மற்றதில் ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை என்று மாறி மாறி வரும். அதனால் எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் கட்டுண்டு கிடக்காமல் சங்கிலி நெடுகப் பரவும். அப்படிப்பட்ட பாலிஅசெட்டிலீன் என்ற பாலிமரில் அயோடின் ஆவியைப் பட வைத்து அதை நன்றாக மின்சாரம் கடத்தவைத்தார்கள் ஷிரகாவா, மெக்டையார்மிட், ஹீகர் மூவரும். அது 1977-இல். நோபல் பரிசு வந்தது 2000-இல்.

சரி, சங்கிலிக்குள் மின்னூட்டம் ஓடிவிடும். ஆனால் சங்கிலி எவ்வளவு நீளம்? நானோமீட்டர் கணக்குத்தான். ஒரு படலத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் போய்ச்சேர ஆயிரக்கணக்கான சங்கிலிகளைத் தாவியாக வேண்டும். தாவ முடியுமா முடியாதா என்பது அவை எப்படி அடுக்கியிருக்கின்றன என்பதைப் பொறுத்தது.

நான் பழகிய பாலிமரின் பெயர் பி-3-எச்-டி. அதன் சங்கிலியை ஒரு பனையோலை நறுக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டையானது. இரண்டு ஓரத்திலும் எண்ணெயில் தோய்ந்த நூல் தொங்குகிறது. அந்த நூல் இருந்தால்தான் பாலிமர் கரைப்பானில் கரையும். ஆனால் நூல் வழியாக மின்னூட்டம் ஏறக்குறைய நகராது. ஓலைமேல் ஓலை படிந்தால் நடுவில் இடைவெளி 0.38 நானோமீட்டர், தாவிவிடலாம். நூல் பக்கமாகப் போனால் அடுத்த ஓலைக்கு 1.6 நானோமீட்டர், பெரும்பாடு.

இனி ஓர் ஓலைச்சுவடியை மேசையில் வையுங்கள். படுக்க வைத்தால், ஓலைக்கு ஓலை தாவுவது மேலும் கீழுமாகத்தான் இருக்கும். விளிம்பில் நிறுத்தி வைத்தால் பக்கவாட்டில் தாவலாம். டிரான்சிஸ்டரில் மின்னூட்டம் போகவேண்டியது பக்கவாட்டில், ஆகவே ஓலை நிற்கவேண்டும். சோலார் செல்லில் போகவேண்டியது மேலும் கீழும், அங்கே படுத்திருப்பது நல்லது. கேம்பிரிட்ஜில் 1999-இல் இதை அளந்து காட்டினார்கள். ஏறத்தாழ ஒரே பாலிமர்தான், நின்றதற்கும் படுத்ததற்கும் மின்னூட்டத்தின் நகர்திறனில், அதாவது அது எவ்வளவு லேசாக நகர்கிறது என்பதில், நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம்.

எனக்கு இது புத்தியில் ஏறியது ஒரு மறதியால். பாலிமரைக் குளோரோஃபார்மில் கரைத்து, கண்ணாடித் துண்டின்மேல் ஊற்றிச் சுழற்றினால் படலம் நொடிகளில் காய்ந்துவிடும். கண்ணாடி மாதிரி பளபளப்பு, பார்க்க அத்தனை அழகு. ஒரு நாள் மழைக்கு முன்னே பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்ற அவசரத்தில், மெதுவாகக் காயும் கரைப்பானில் செய்த ஒரு படலத்தை ஈரம் மாறாமலே தட்டால் மூடிவிட்டு ஓடிவிட்டேன். மறுநாள் பார்த்தால் நிறம் கொஞ்சம் கருத்து, மங்கலாக இருந்தது. எறியப் போனதை அளந்து பார்த்தேன். மின்னோட்டம் பல மடங்கு! ஆசிரியர் துள்ளவில்லை. "காற்றில் உள்ள ஆக்சிஜன் பட்டாலும் மின்னூட்டங்களின் எண்ணிக்கை கூடி மின்னோட்டம் கூடும். டிரான்சிஸ்டராகச் செய்து நகர்திறனை அளந்துகொண்டு வா" என்றார். அளந்தேன், அதுவும் கூடித்தான் இருந்தது. இராத்திரி முழுக்க மெதுவாகக் காய்ந்ததில், சங்கிலிகளுக்குத் தங்கள் இடம் தேடிப் படிய நேரம் கிடைத்திருக்கிறது.

அப்படியானால் ஒழுங்கு கூடக்கூட நல்லது என்று நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். குட்டைச் சங்கிலிகள்தான் வெகு ஒழுங்காகப் படிகமாகும், நெட்டையானவை சிக்கிக்கொள்ளும். ஆனால் 2003-இல் வெளிவந்த அளவீட்டில், சங்கிலி பத்து மடங்குபோல நீளமானபோது நகர்திறன் ஆயிரம் மடங்குக்கும் மேல் கூடியிருந்தது.

மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குப் போயிருப்பீர்கள். இந்த மலையில் கால்வாய் இருக்கிறது, அந்த மலையிலும் இருக்கிறது. நடுவே பறளியாற்றுப் பள்ளம். 1966-இல் அந்தத் தொட்டியைத் தூக்கிக் கட்டியிராவிட்டால், இந்தப் பக்கத்துக் கால்வாயை எவ்வளவு நேர்த்தியாக வெட்டியிருந்தாலும் விளவங்கோடு பக்கத்துக்குத் தண்ணீர் போயிராது. படலத்திலும் இதே கதை. சின்னச் சின்னப் படிகத் திட்டுகள், நடுவே ஒழுங்கற்ற பள்ளம். நெட்டைச் சங்கிலி ஒன்று இந்தத் திட்டில் ஒரு முனையும் அந்தத் திட்டில் மறு முனையுமாகக் கிடந்தால், அதுதான் தொட்டிப்பாலம். குட்டைச் சங்கிலிக்கு அந்த நீளம் கிடையாது. எக்ஸ்ரே படத்தில் படிகம் பளிச்சென்று தெரியும், பாலம் தெரியாது. அதனால்தான் எங்கள் துறை பல ஆண்டுகள் படிகத்தையே துரத்திக்கொண்டிருந்தது என்பது என் எண்ணம். பிற்பாடு ஐடிடி-பிடி என்றொரு பாலிமர் வந்தது. எக்ஸ்ரேயில் படிகம் பெரிதாக எதுவும் தெரியாது, ஆனாலும் பி-3-எச்-டியை மிஞ்சும். அதன் முதுகெலும்பு முறுக்கிக்கொள்ளாமல் நேராக இருப்பதால், ஆங்காங்கே சங்கிலிகள் தொட்டுக்கொண்டாலே போதுமாகிறது.

கையிலே ஒரு ரப்பர் பேண்ட் இருந்தால் உதட்டில் வைத்துச் சட்டென்று இழுங்கள். லேசாகச் சுடும். சிக்கிக் கிடந்த சங்கிலிகள் இழுத்த பக்கம் வரிசைப்படும்போது வெளிவரும் சூடு அது. ரப்பர்மேல் இந்தக் கறுப்புப் படலத்தை ஒட்டி இழுத்தால் அதன் சங்கிலிகளும் கூடவே வரிசைப்படும், இழுத்த திசையில் மின்னூட்டம் இன்னும் லேசாக ஓடும். இந்த ஆண்டு என் மாணவிகள் இரண்டுபேர் அதைத்தான் செய்கிறார்கள். முதல் ஷீட் அப்பா அடித்துக் கொடுத்தது. தடிமன் கூடிப்போச்சு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வணக்கம்.