ஆயாவின் முள்ளும் தாத்தாவின் பாலாறும்

வணக்கம் மக்களே. இன்றைக்குக் கத்தரிக்காயில் இருந்து ஆரம்பிக்கிறேன், சிரிக்காதீர்கள். நேற்று நம் வேலூர் மார்க்கெட்டில் முள்ளு கத்தரிக்காய் கிலோ 80 ரூபாய் என்றார்கள். பக்கத்துக் கூடையில் சாதாரணக் கத்தரி 30! 2023-இல் நம் இலவம்பாடி ஊர் முள்ளு கத்தரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தாலும் கிடைத்தது, எந்தக் காயைத் தொட்டாலும் "இலவம்பாடிங்க" என்கிறார்கள். கால் மணி நேரம் பேரம் பேசி, 70-க்கு இறக்கி, பெரிய சாமர்த்தியம் செய்த மாதிரி வீட்டுக்கு வந்தேன். ஆயா காம்பை விரலால் ஒரு தடவு தடவினார். "குத்தாதது கூட்டுக்கும் ஆவாது." அவ்வளவுதான். முள்ளே இல்லை, ஏமாந்துவிட்டேன்.

இது காய்க்கு மட்டும் இல்லை. அத்தைக்கு வந்த ஒரு மாப்பிள்ளை ரொம்ப அமைதியாக உட்கார்ந்திருந்தாராம், அவருக்கும் இதே தீர்ப்புதான். கடைசியில் வந்த மாமா எப்படிக் குத்துவார் என்று பழைய வீடியோ பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தாத்தா வேறு ரகம். காசு கேட்டால் இல்லை என்று சொல்லவே மாட்டார், "பாலாத்துல தண்ணி வரட்டும்" என்பார். ஏழாவது படிக்கும்போது சைக்கிள் கேட்டேன், இதே பதில். அவர் மேல் தப்பில்லை, நம் ஊரைப் பற்றிச் சொல்கிற பட்டியலிலேயே தண்ணியில்லாத ஆறுதானே முதலில் வருகிறது. அந்தப் பட்டியலே எனக்குப் பிடிக்காது. சாமியில்லாத கோயில் என்று இன்னும் சொல்கிறார்கள், ஜலகண்டேஸ்வரர் 1981-லேயே கோட்டைக்குள் திரும்பி வந்தாயிற்று. பெண்களைப் பற்றியும் அதில் ஒன்று உண்டு, முடிந்தால் ஆயா எதிரில் சொல்லிப் பாருங்கள்.

சரி, சைக்கிள். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதே, ஞாபகம் இருக்கிறதா? அப்போது நான் வேலைக்கே போய்க்கொண்டிருந்தேன். விடுவேனா, தாத்தாவை வண்டியில் உட்கார வைத்து ஆற்றுப் பக்கம் கூட்டிப்போய், எட்ட நின்று காட்டினேன். ரொம்ப நேரம் பேசவே இல்லை. மறுநாள் மடித்து மடித்து வைத்திருந்த 2,500 ரூபாயைக் கையில் கொடுத்தார். நான் கேட்டபோது இருந்த விலையாம்! கியர் சைக்கிள் இப்போது 9,000 தாத்தா என்றால், "நீ எப்ப கேட்டியோ அந்த வெலதான்." மீதி 6,500-க்கு இன்றுவரை எங்களுக்குள் வழக்கு நடக்கிறது. வட்டியும் கேட்கலாம் என்று இருக்கிறேன்.

ஐயோ, முக்கியமானதை விட்டுவிட்டேன். அன்றைக்கு ஆற்றைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதே சொல்லை மாற்றிவிட்டார். போன வீடியோவில் சட்டையில் குத்தும் மைக் உடைந்ததல்லவா, புதிதாக ஒன்று வாங்கித் தரச் சொல்லிக் கேட்டேன். "கோட்டை அகழி வத்தட்டும்."

அதனால் இன்று போன் மைக்தான். பின்னால் கடகடவென்று கேட்பது ஃபேன். நிறுத்தச் சொல்லாதீர்கள், மே மாதத்தில் வேலூருக்கு ஒருமுறை வந்து பாருங்கள்.