நீரில் கிடந்த உடலும் இறந்த நேரமும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம். நீரிலிருந்து ஓர் உடல் மீட்கப்பட்டால், அவர் எப்போது இறந்தார் என்பதும், உடல் எவ்வளவு காலம் நீரில் கிடந்தது என்பதும் இரு வேறு கேள்விகள். கரையில் இறந்தவரின் உடல் பிறகு நீரில் போடப்பட்டிருக்கலாம். நீர் உடலில் விட்டுச்செல்லும் அடையாளங்கள் இரண்டாவது கேள்விக்கே விடை தருகின்றன. அவற்றை முதல் கேள்வியின் விடையாக எடுத்துக்கொண்டால் விசாரணை திசைமாறிப் போகும்.

முதல் சில மணி நேரங்களுக்கு உடல் வெப்பம் துணைசெய்யும். அதே வெப்பநிலையிலுள்ள காற்றைவிட நீரில் உடல் ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் குளிர்கிறது. ஓடும் நீரில் வேகம் இன்னும் கூடும். உடல் நீரின் வெப்பநிலைக்கே இறங்கிவிட்டால் இந்த அளவீட்டால் பயனில்லை.

அடுத்து, கைகளைக் கவனிக்க வேண்டும். விரல் நுனிகள் முதலில் வெளுத்துச் சுருங்குகின்றன. வெதுவெதுப்பான நீரில் இது விரைவாகவும் குளிர்ந்த நீரில் மெதுவாகவும் நிகழ்கிறது. பிறகு சுருக்கம் உள்ளங்கைக்குப் பரவித் தோல் தடிக்கிறது. நாள்கள் செல்லச் செல்ல அது தளர்ந்து, நகங்களோடு சேர்ந்து கையுறைபோலக் கழன்று வருகிறது. கழன்ற அந்தத் தோலை எவரும் வீசிவிடக் கூடாது. கைரேகையை அதிலிருந்தே எடுத்து, இறந்தவர் யாரென்று கண்டறிய முடியும்.

காற்றில் ஒரு வாரத்தில் நிகழும் அழுகல் நீரில் இரண்டு வாரமும் மண்ணுக்குள் எட்டு வாரமும் எடுக்கும் என்று 19ஆம் நூற்றாண்டில் பெர்லினில் பணியாற்றிய தடயவியல் மருத்துவர் யோகான் லுட்விக் காஸ்பர் வகுத்த விதி இன்றும் பாடமாகச் சொல்லப்படுகிறது. நீரில் அழுகல் தாமதமாகும் என்ற அளவில் அது சரி. அதை வைத்து நாள் கணக்குப் போடுவதை நான் ஏற்பதில்லை. வெப்பமான நீரில் குடலில் வாயு பெருகி, மூழ்கிய உடல் இரண்டு மூன்று நாள்களிலேயே மிதந்துவிடலாம். ஆழமான, மிகக் குளிர்ந்த நீரில் வாரக்கணக்கில் அடியிலேயே கிடக்கலாம், மேலே வராமலும் போகலாம். இதனால்தான், நாள்களை மட்டும் எண்ணாமல், ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பநிலையையும் கூட்டி, அந்தத் தொகையை அழுகலின் நிலையோடு ஒப்பிடும் முறையை ஆய்வாளர்கள் கையாள்கிறார்கள்.

அந்தக் கணக்குக்கு நீரின் வெப்பநிலை வேண்டும். பல வழக்குகளில் விட்டுப்போவதும் அதுதான். கரையேற்றிய உடலில் அழுகல் மிக விரைவாக முன்னேறுவதால், சில மணி நேரம் கழித்துப் பரிசோதிக்கும் மருத்துவர் காண்பது நீரில் இருந்த நிலையை அல்ல. ஆகவே நீரின் வெப்பநிலை, உடல் கிடந்த ஆழம், மீட்ட நேரம், அப்போதைய புகைப்படங்கள் ஆகியவற்றை மீட்புக் குழுவினர் அங்கேயே பதிவுசெய்து உடலோடு அனுப்ப வேண்டும். மருத்துவரும் தம் அறிக்கையில் ஒரே ஒரு நேரத்தைக் குறிக்காமல், இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிக்குள் என்று எழுதி, அந்த எல்லைகளை எதைக் கொண்டு வகுத்தார் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.