செசிலியா யாருடைய பெயர்?

நேயர்களுக்கு வணக்கம். ஏதாவது ஒரு பெண் பெயரை எடுத்துக்கொண்டு அதன் கதையைச் சொல்லுங்கள் என்று நிலையத்தார் கேட்டதும் எனக்கு வேறு யோசனையே வரவில்லை, செசிலியா என்றேன். நம் ஊர்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் செசிலி, சிசிலி, செசிலியம்மாள் என்று நன்றாகப் புழங்குகிற பெயர்தான். லத்தீன் பெயர், இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழையது. ஆனால் ஆரம்பத்தில் இந்தப் பெயர் எந்தப் பெண்ணுக்கும் சொந்தமாக இருந்ததில்லை. எனக்கு மனதை விட்டுப் போகாத விஷயம் அதுதான், இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

பழைய ரோமில் ஆண்பிள்ளைக்குத் தனக்கென்று ஒரு பெயர் உண்டு, அதன் பின்னால் குலத்தின் பெயர், பெரிய குலமாக இருந்தால் கிளையின் பெயரும் சேரும். பெண்பிள்ளைக்கு? குலப் பெயரைப் பெண்பாலாக மாற்றி வைத்துவிடுவார்கள், முடிந்தது. ஜூலியஸ் குலம் என்றால் மகள் ஜூலியா. கொர்னேலியஸ் குலம் என்றால் கொர்னேலியா. கைகீலியஸ் குலத்துப் பெண் கைகீலியா. ரோமானியர்கள் அப்படித்தான் உச்சரித்தார்கள், அது பிற்காலத்தில் செசிலியா ஆனது. ஒரே வீட்டில் இரண்டு பெண்கள் பிறந்தால் இருவருக்கும் அதே பெயர், மூத்தவள் இளையவள் என்று ஒரு ஒட்டு மட்டும் சேரும். அத்தை, தங்கை, பெரியப்பா மகள் எல்லாருமே கைகீலியாக்கள். ஒரு பெண்ணைக் கூப்பிட்டால் அவள் அப்பாவின் வீட்டைத்தான் கூப்பிட்டார்கள்.

பெயருக்கு வேர் 'கைகுஸ்' என்கிற லத்தீன் சொல், கண் தெரியாதவர் என்று அர்த்தம். குலத்தின் முன்னோர் ஒருவருக்குப் பார்வை குறைவாக இருந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். ரோமானியர்கள் இதற்கு ஒரு புராணமே வைத்திருந்தார்கள்: நெருப்புக் கடவுள் வல்கனின் மகன் கைகுலுஸ், அடுப்புப் பக்கத்தில் கிடைத்த குழந்தை, புகையில் கண் சிறுத்துப் போனவன், அவன்தான் பிரைனெஸ்தே நகரத்தை உண்டாக்கினான், கைகீலியஸ் குலத்தார் அவன் வழிவந்தவர்கள் என்று. இந்த பிரைனெஸ்தேதான் இன்றைய பலெஸ்த்ரீனா, 16-ஆம் நூற்றாண்டின் மாபெரும் தேவாலய இசையமைப்பாளர் பலெஸ்த்ரீனாவின் ஊர். இதே வேரிலிருந்து ஒரு பிராணிக்கும் பெயர் வந்திருக்கிறது. நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஈர மண்ணுக்குள் வாழ்கிற, கால் இல்லாத, பெரிய மண்புழு மாதிரித் தெரிகிற ஒரு உயிர், தவளைக்குச் சொந்தம். விஞ்ஞானிகள் அதைச் செசிலியன் என்பார்கள். பாம்பு என்று பயந்து மக்கள் அடித்துவிடுகிறார்கள். அது பாம்பு இல்லை, கடித்தாலும் விஷமேறிச் சாக வைக்கிற ஜாதி இல்லை, தோட்டத்தில் மண்ணைக் கிளறும்போது பார்த்தால் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

சரி, ரோமுக்கே வருகிறேன். கைகீலியஸ் குலத்தில் மெத்தெல்லுஸ் என்ற கிளை ரொம்பப் பெரிய இடம், அந்தக் கிளையில் பிறந்த கைகீலியா மெத்தெல்லாக்களே வரலாற்றில் பல பேர். ஒருத்தி சர்வாதிகாரி சுல்லாவின் மனைவி. பழைய வரலாற்றாசிரியர் புளூட்டார்க் சொல்வதைக் கேளுங்கள். சுல்லா ஊருக்கெல்லாம் விருந்து போட்டுக்கொண்டிருக்கிற சமயத்தில் இவள் சாகக் கிடக்கிறாள், வீட்டில் சாவுத் தீட்டு விழக்கூடாது என்று பூசாரிகள் சொல்கிறார்கள், உடனே அவன் அவளுக்கு மணவிலக்கு எழுதி அனுப்பி, உயிர் இருக்கும்போதே வேறொரு வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகச் செய்கிறான். செத்த பிறகு மட்டும் தடபுடலாகச் சவ அடக்கம்.

இன்னொரு மெத்தெல்லாவுக்கு ஆப்பியன் சாலையில் ஒரு கல்லறை இருக்கிறது. ரோமுக்குப் போகிறவர்கள் இன்றைக்கும் பார்க்கலாம். கிட்டத்தட்ட 30 மீட்டர் குறுக்களவுள்ள உருண்டைக் கட்டடம், மேலே சுற்றிலும் மாட்டுத் தலையும் மாலையுமாகச் செதுக்கியிருப்பார்கள். பிற்காலத்தில் ஒரு பிரபுக் குடும்பம் அதைக் கோட்டையாகவே மாற்றிக்கொண்டது, அவ்வளவு பெரிசு. அதில் உள்ள கல்வெட்டு சொல்வது இதுதான்: குயிந்துஸ் கிரேத்திகுஸின் மகள், கிராஸுஸின் மனைவி, கைகீலியா மெத்தெல்லாவுக்கு. அவ்வளவே. எத்தனை வயதில் செத்தாள், என்ன செய்தாள், பிள்ளை குட்டி உண்டா, ஒரு வரி கிடையாது. அப்பா பெயர், புருஷன் பெயர், அப்புறம் அப்பாவின் குலப் பெயர். கவிஞர் பைரன் அந்தக் கல்லறை முன்னால் நின்று யார் இவள் என்று வரிவரியாகக் கேட்டார். பதில் சொல்ல ஆளில்லை.

இந்தப் பெயர் ஒரு தனிப் பெண்ணின் பெயராக மாறியது புனித செசிலியாவால். ரோமின் ஆரம்பகாலக் கிறிஸ்தவ மறைசாட்சி, அதாவது விசுவாசத்துக்காக உயிர்விட்டவர். அவர் கதையை எழுதி வைத்தது 5-ஆம் நூற்றாண்டில், நடந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கு வெகு பின்னால், அதனால் வரலாறும் பக்தியும் அதில் கலந்துதான் இருக்கும். கதைப்படி அவர் உயர்குடிப் பெண். வலேரியன் என்பவருக்குக் கல்யாணம் செய்து கொடுக்கிறார்கள், அவரையும் அவர் தம்பியையும் கிறிஸ்தவர்களாக்குகிறார், கடைசியில் செசிலியாவுக்கும் மரண தண்டனை. குளியலறையில் நீராவியில் அடைத்துப் பார்த்தார்கள், சாகவில்லை. கொலையாளி கழுத்தில் மூன்று முறை வெட்டினான், அதற்கு மேல் வெட்டச் சட்டம் இடம் கொடுக்கவில்லை, மூன்று நாள் உயிரோடு இருந்து தன் வீட்டைக் கோவிலாக்கக் கொடுத்துவிட்டு இறந்தார். பூசையில் முதலாம் நற்கருணை மன்றாட்டைக் கவனித்துக் கேட்டவர்களுக்குத் தெரியும், லூசியா, ஆக்னஸ் என்று பெண் புனிதர்கள் பெயர் வரும் வரிசையில் செசிலியாவும் இருப்பார்.

இசைக்கு அவர் பாதுகாவலர் ஆனது எப்படி? கல்யாண வீட்டில் வாத்தியங்கள் முழங்கிக்கொண்டிருக்க, செசிலியா தன் மனசுக்குள் ஆண்டவருக்கு மட்டும் பாடிக்கொண்டிருந்தார் என்று கதையில் ஒரு வாக்கியம் வருகிறது. அந்த வாக்கியத்தை வழிபாட்டுப் பாடலாக எடுத்தபோது 'மனசுக்குள்' என்பது விழுந்துவிட்டது. அப்புறம் கேட்கவேண்டுமா, வாத்தியத்தை வாசித்ததே அவர்தான் என்று ஆகி, ஓவியர்கள் கையில் ஆர்கனைக் கொடுத்துவிட்டார்கள். ரஃபேல் மட்டும் பழைய கதையை நன்றாகப் புரிந்துகொண்டு வரைந்திருக்கிறார் என்பது என் எண்ணம். போலோஞ்ஞா நகரத்தில் இருக்கிற அந்தப் படத்தில் செசிலியா ஆர்கனைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார், குழல்கள் நழுவி விழப் போகின்றன, காலடியில் வயலின் மாதிரியான ஒரு பெரிய நரம்பு வாத்தியமும் மற்ற வாத்தியங்களும் உடைந்து கிடக்கின்றன, அவர் கண் மட்டும் மேலே பாடுகிற வானதூதர்களிடம் இருக்கிறது.

அதைவிட என்னை அதிகம் பாதிப்பது மதெர்னோவின் சிலை. 1599-ல் ரோமில் த்ராஸ்தேவெரே பகுதிக் கோவிலில் அவருடைய கல்லறையைத் திறந்தார்கள், அடுத்த வருஷமே ஸ்தெபானோ மதெர்னோ என்ற இளம் சிற்பி வெள்ளைப் பளிங்கில் செதுக்கினார். மற்றப் புனிதர்களைப் போல வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை இந்தப் பெண். வலப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள், தலை துணியால் சுற்றியிருக்கிறது, முகம் தரையைப் பார்த்துத் திரும்பியிருப்பதால் நமக்குத் தெரிவதே இல்லை, கழுத்தில் வெட்டுக் கோடு, ஒரு கையில் மூன்று விரலும் மறு கையில் ஒரு விரலும் நீண்டிருக்கின்றன. மூன்று ஆட்களாய் ஒரே கடவுள் என்று விரலால் சொல்கிறார் என்பார்கள். முகம் காட்டாமலே ஒரு ஆளை இவ்வளவு அருகில் கொண்டுவந்த சிலை வேறொன்றை நான் கண்டதில்லை.

நவம்பர் 22 அவர் திருநாள். நம் பங்குகளிலும் பாடகர் குழுக்கள் கொண்டாடுகிற நாள்தான். 1692-ல் பர்சல், 1739-ல் ஹாண்டெல், இவர்களெல்லாம் லண்டனில் இந்த நாளுக்கென்றே இசை எழுதினார்கள். இங்கிலாந்து இசையமைப்பாளர் பெஞ்சமின் பிரிட்டன் பிறந்ததே 1913-ஆம் வருஷம் இதே தேதியில்.

பெயர் ஐரோப்பா முழுக்கப் பரவியது இந்தப் புனிதரால்தான். நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தை வென்ற வில்லியமின் ஒரு மகள் செசிலியா, கான் நகரத்துக் கன்னியர் மடத்தின் தலைவியாக இருந்தவர். நார்மானியர்களோடு பெயர் இங்கிலாந்துக்கு வந்து சிசிலி ஆனது, அயர்லாந்துக்குப் போய் ஷீலா ஆனது. ஆமாம், ஐரிஷ் ஷீலா செசிலியாதான். நம் நாட்டு ஷீலா 'சீலம்' வழி வந்தது, இரண்டும் வேறு. நார்வேக்காரர்களிடம் அது சிஸ்ஸல்.

1490 வாக்கில் மிலானில் லியொனார்டோ ஒரு செசிலியாவை வரைந்தார். செசிலியா கல்லெரானி, கையில் வெள்ளைக் கீரிப்பிள்ளை போல ஒரு பிராணியை ஏந்திக்கொண்டிருக்கும் அந்த ஓவியம் இன்று போலந்தின் கிராக்கோவ் நகரத்தில் இருக்கிறது. மிலான் ஆட்சியாளரின் காதலி என்றுதான் எல்லாரும் எழுதுவார்கள், ஆனால் அவர் லத்தீன் படித்தவர், கவிதை எழுதியவர், அறிஞர்களை வீட்டில் கூட்டிப் பேசவைத்தவர். 1498-ல் ஒரு பிரபு குலத்துப் பெண்மணி படத்தைப் பார்க்கக் கடன் கேட்டபோது அவர் எழுதிய பதில் கிடைத்திருக்கிறது: படம் இப்போது என்னைப் போல இல்லை, அது ஓவியரின் குறை இல்லை, நான் சின்ன வயதில் இருந்தபோது வரைந்தது, அதற்குப் பிறகு நான் ரொம்பவே மாறிவிட்டேன் என்று. அந்தக் கல்லறையின் கைகீலியாவுக்கு இப்படித் தன்னைப் பற்றித் தானே சொன்ன ஒரு வரி கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்.

கடைசியாக ஒருவர். நான் ரொம்பவும் சொல்ல ஆசைப்பட்டு வந்தது இவரைப் பற்றித்தான். செசிலியா பேன், 1900-ல் இங்கிலாந்தில் பிறந்தவர், நாலு வயதில் அப்பா இறந்துவிட்டார். லண்டனில் அவர் படித்த பள்ளியில் இசை ஆசிரியர் குஸ்தாவ் ஹோல்ஸ்ட், கிரகங்களைப் பற்றிப் பெரிய இசைத் தொகுப்பு எழுதியவர், நீ இசைக்கு வந்துவிடு என்று இவரைக் கேட்டுப் பார்த்தார். இவர் விஞ்ஞானத்துக்குப் போனார். கேம்பிரிட்ஜில் வானியலாளர் எடிங்டன் 1919 சூரிய கிரகணத்தைப் பற்றிப் பேசிய கூட்டத்துக்கு, வேறொருவர் போக முடியாததால் மிஞ்சிய டிக்கெட்டில் போனார். அறைக்குத் திரும்பி, கேட்டது முழுவதையும் நினைவிலிருந்து எழுதினார், மூன்று இரவு தூங்கவில்லையாம். அங்கே இயற்பியல் பேராசிரியர் ரதர்ஃபோர்டின் வகுப்பில் பெண்கள் முன்வரிசையில்தான் உட்கார வேண்டும். வகுப்பில் இருந்த ஒரே பெண் இவர், ஒவ்வொரு நாளும் பேராசிரியர் இவரைப் பார்த்துக்கொண்டே "லேடீஸ்" என்று ஆரம்பிக்க, பையன்கள் காலைத் தட்டிக் கூச்சல் போடுவார்கள். படிப்பை முடித்தாலும் பட்டம் கிடையாது, கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பட்டம் கொடுக்க ஆரம்பித்ததே 1948-ல்தான்.

1923-ல் அமெரிக்காவுக்கு, ஹார்வர்டு வானாய்வு நிலையத்துக்குப் போனார். அங்கே நட்சத்திர ஒளியைப் பிரித்துப் படமெடுத்த கண்ணாடித் தகடுகள் குவிந்து கிடந்தன. அதில் தெரியும் கோடுகளுக்கு அர்த்தம் கண்டுபிடிக்க இவர் எடுத்துக்கொண்டது நம் நாட்டு இயற்பியலாளர் மேகநாத் சாஹா 1920-ல் வெளியிட்ட சமன்பாடு. ஒரு தனிமத்தின் கோடு அழுத்தமாகத் தெரிவதும் மங்கலாகத் தெரிவதும் அதன் அளவை மட்டும் பொறுத்ததில்லை, வெப்பத்தையும் அழுத்தத்தையும் பொறுத்தது என்று காட்டியவர் சாஹா. அதைப் போட்டுக் கணக்குப் பார்த்தால், நட்சத்திரங்களும் பூமியும் ஒரே சரக்கால் ஆனவை என்று அதுவரை எல்லாரும் நம்பிவந்தது சரியில்லை என்று வந்தது. நட்சத்திரம் என்பது பெரும்பாலும் ஹைட்ரஜன், அடுத்தபடியாக ஹீலியம். உலோகங்களைவிட ஹைட்ரஜன் பத்து லட்சம் மடங்கு அதிகம் என்று அவர் கணக்கில் வந்தது.

அந்தக் காலத்தின் பெரிய வானியலாளர் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் அதைப் படித்துவிட்டு, இது நடக்கவே முடியாதது என்று எழுதினார். 25 வயதுப் பெண் என்ன செய்வார்? 1925-ல் வந்த ஆய்வேட்டில், தானே கண்டுபிடித்த எண்ணைப் பற்றி, இது அநேகமாக உண்மையாக இருக்காது என்று தன் கையாலேயே எழுதினார். நாலு வருஷம் கழித்து ரஸ்ஸலே வேறு வழியில் அதே முடிவுக்கு வந்து, பேனின் ஆய்வையும் குறிப்பிட்டு வெளியிட்டார், ஆனால் ரொம்ப நாளைக்குப் பெயர் ரஸ்ஸலுக்குத்தான் போனது. ஹார்வர்டில் இவர் நடத்திய பாடங்கள் 1945 வரை பாடப் பட்டியலில்கூட அச்சாகவில்லை. 1956-ல்தான் முழுப் பேராசிரியர், அப்புறம் துறைத் தலைவர், அங்கே ஒரு துறைக்குத் தலைமை ஏற்ற முதல் பெண். 1934-ல் செர்கேய் கபோஷ்கின் என்ற ரஷ்ய வானியலாளரைக் கல்யாணம் செய்தபோது புருஷன் பெயருக்காகத் தன் பெயரை விடவில்லை, இரண்டையும் சேர்த்துப் பேன்-கபோஷ்கின் என்றே கடைசிவரை எழுதினார். அந்தப் பெயரில் இன்று ஒரு சிறுகோளும் இருக்கிறது.

1976-ல் அமெரிக்க வானியல் சங்கம் இவருக்குத் தன் உயர்ந்த விருதைக் கொடுத்தது. அந்த விருதின் பெயர் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் விருது. மேடையில் இவர் யாரையும் குறை சொல்லவில்லை. இந்த உலகத்தில் வேறு யாரும் இதுவரை பார்க்காத ஒன்றை முதல் ஆளாகப் பார்க்கிற, முதல் ஆளாகப் புரிந்துகொள்கிற சிலிர்ப்புதான் இளம் விஞ்ஞானிக்குக் கிடைக்கும் பரிசு, அதற்கு ஈடு எதுவும் இல்லை என்று பேசினார். மூன்று வருஷம் கழித்துக் காலமானார்.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட நேயர்களுக்கும், பேச இடம் கொடுத்த நிலையத்தாருக்கும் நன்றி. வணக்கம்.