கதையில வெள்ளம் எத்தனை அடி வந்துச்சு?

வணக்கம் மக்கா. திருநெல்வேலி குறுக்குத்துறை படித்துறையில நின்னு பேசுதேன், ஆத்துச் சத்தம் கூட வரும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

நீங்க அனுப்புன கதைங்கள படிச்சேன், அதுல நெறைய 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பத்தி. ஒருத்தர் எழுதுனத எடுத்துச் சொன்னா மனசு கஷ்டப்படும், அதனால அந்த மாதிரி ஒரு வரிய நானே சொல்லுதேன். ‘கார்முகில் கன்னியர் கண்ணீர் சொரிய, சீற்றம் கொண்ட பொருநை மங்கை தன் ஆயிரம் கரங்களால் நெல்லைச் சீமையை ஆரத் தழுவி விழுங்கினாள்.’ பொருநைன்னா நம்ம தாமிரபரணிதான். கேக்க கம்பீரமா இருக்குல்லா? சரி, தழுவுனாளா, விழுங்குனாளா? ராத்திரியா பகலா, தண்ணி முழங்கால் வரையா கழுத்து வரையா, யாரு வீட்டுக்குள்ள வந்துச்சு? ஒண்ணுமே தெரியல மக்கா. நம்ம ஊர்ல ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு முங்கிக் கெடந்துச்சு, இந்தா இந்த முருகன் கோயில் முங்குச்சு, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் மழை, ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷன்ல செந்தூர் எக்ஸ்பிரஸ் நகர முடியாம நின்னு நூத்துக்கணக்கான ஜனங்க உள்ள மாட்டிக்கிட்டாங்க. இவ்வளவையும் பாத்த ஊரு, இதுக்கு எதுக்கு மங்கையும் கன்னியும்?

எங்க தெருவுல ஒரு ஆச்சி, தண்ணி வடிஞ்ச பெறகு பீரோ டிராயரத் தொறக்கப் பாத்தாங்க, மரம் ஊறி உப்பிப்போய் வரவே மாட்டேங்குது. ரெண்டு பேரு சேந்து இழுத்து எடுத்தா உள்ள வீட்டுப் பத்திரம், ஒட்டிக்கிட்டு ஒரே கட்டியா இருக்கு. ஆச்சி யாரையும் தொட விடல. ஒவ்வொரு தாளா நகத்தால பிரிச்சி, இட்லித்துணியால ஒத்தி எடுத்து, திண்ணையில பரப்பி நாலு மூலையிலயும் கல்லு வச்சாங்க. அழல, ஒரு வார்த்தை பேசல. எனக்கு வெள்ளம்னா அதுதான். அந்தத் திண்ணையில ‘கண்ணீர்க் கடல்’னு ஒரு வார்த்தை கொண்டு வந்து போட்டா ஆச்சி கை மறைஞ்சு போயிரும், நான் சொல்ல வாரது அவ்வளவுதான்.

அலங்காரமே கூடாதுன்னு சொல்லல, தப்பா எடுத்துக்காதீங்க. குற்றாலக் குறவஞ்சியில திரிகூடராசப்பக் கவிராயர் தேனருவித் திரை வானத்துக்கே எழும்புதுன்னு பாடுதாரு, அந்தத் தண்ணியில சூரியனோட குதிரைக் காலும் தேர்ச் சக்கரமும் வழுக்குதாம்! பச்சைப் பொய்தான், ஆனா அருவிக்கரைப் பாறையில ஒரு தடவ கால் வச்சவனுக்குத் தெரியும் அந்த வழுக்கல். அவரு பாத்துருக்காரு, பாத்துட்டு அதை வானம் வரை ஏத்திவிடுதாரு. அதுவும் பாட்டு, ராகத்தோட வாரது. நம்ம பாக்காமலே செங்கதிரோனைக் கூப்புடுதோம், அதான் வித்தியாசம்.

இந்தப் பழக்கம் பள்ளிக்கூடத்துலயே தொடங்கிருதுன்னு நெனைக்கேன், கட்டுரையில வர்ணனை இருந்தா மார்க்கு, மேடையில அடுக்குமொழி பேசுனா கைதட்டு. சாதாரணமா எழுதுனா இலக்கியம்னு ஒத்துக்க மாட்டாங்களோன்னு ஒரு பயம் அப்பவே உள்ள போயி உக்காந்துருது. பயப்படாதீங்க. இடைசெவல் எழுத்தாளர் கி.ராஜநாராயணன், நம்ம கி.ரா., கரிசக்காட்டுப் பேச்சுலயே எழுதுனாரு, 1991ல சாகித்ய அகாதமி விருது அவரைத் தேடி வந்துச்சு.

அடுத்து வசனம், இதுதான் எனக்கு ரொம்ப வலிக்கி. வெள்ளத்துல படகு கொண்டு வந்து ஜனங்கள ஏத்துன மீனவங்கள கதையில கொண்டு வாரீங்க, சந்தோஷம், ஆனா அந்த ஆளு ‘அன்னையே அஞ்சற்க, யான் இருக்கிறேன்’ங்காரு. புதுமைப்பித்தன் 1930கள், 40கள்லயே நெல்லைக்காரங்கள நெல்லைப் பேச்சுல பேச விட்டுட்டாரு மக்கா, நம்ம ஏன் திரும்பிப் போகணும்? இருட்டுல தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு ஒருத்தன் என்ன சொல்லுவான்? ‘ஆச்சி, கையப் புடிங்க, கீழ பாக்காதீங்க, வாங்க’. முடிஞ்சிது. படிக்கவனுக்குத் தொண்டை அடைக்கும்.

கதை அனுப்புனவங்க எல்லாரும் ஒரு வேலை செய்யுங்க. எழுதுனத வீட்டுல அன்னைக்கு இருந்தவங்க முன்னாடி சத்தமா வாசிங்க, அவங்க எந்த எடத்துல ‘அப்படியா நடந்துச்சு?’ன்னு கேக்காங்களோ அங்க பென்சில் கோடு போடுங்க. அந்த எடத்தை மட்டும் மாத்தி எழுதி அனுப்புங்க, ரெண்டையும் பக்கத்துல வச்சு அடுத்த வீடியோல பேசுதேன்.